வேலை தொடங்கும் முன் ஒரு சாசனம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதம் முன்பு செயலாளர் அவர்கள் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் நீ பேசு. டெக்னிக்கலா இருக்கணும், ஆனா யாரும் தூங்கக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரணும்" என்றார். நான் சும்மா சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பட்ட அனுபவம் விடவில்லை. "சார், எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன். "முப்பது." "ஸ்லைடு போடணுமா?" "வேண்டாம்ப்பா, கரண்ட்டை நம்ப முடியாது." "நான் நீட்டிக்கிட்டே போனா நிறுத்தச் சொல்ற அதிகாரம் யாருக்கு?" அவர் சிரித்துவிட்டு, "எனக்குத்தான், வேற யாருக்கு?" என்றார்.

நண்பர்களே, இன்று நான் பேச வந்த விஷயம் இந்த டெலிபோன் பேச்சிலேயே முடிந்துவிட்டது. என்ன வேலை, எதற்காக, எவ்வளவு நேரத்தில், எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை, யாருக்கு என்ன அதிகாரம். இவ்வளவையும் வேலை தொடங்கும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதி, வேலையைக் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் பிராஜக்ட் சார்ட்டர். தமிழில் 'திட்ட சாசனம்' என்று சொல்லலாம்.

நாம் படித்த காலத்தில் இது நமக்குப் பாடமாக இல்லை. தெர்மோடைனமிக்ஸ் இருந்தது, மெஷின் டிசைன் இருந்தது. பரீட்சைத் தாளில் கேள்வியைத் தெளிவாக அச்சடித்துக் கொடுத்தார்கள், நாம் பதில் எழுதினோம். வெளியே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே கேள்வியையே நாம்தான் எழுத வேண்டும் என்று. அது தெரியாமல் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெயிண்ட் ஷாப்பின் கதை

2016ஆம் வருஷம். எனக்கு இருபத்தெட்டு வயது. எலக்ட்ரிக்கல் பேனல் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். ஒரு நாள் வராந்தாவில் எதிரே வந்த எம்.டி., நடந்துகொண்டே, "புது பவுடர் கோட்டிங் லைன் போடப்போறோம். நீ பாத்துக்க. தீபாவளிக்குள்ள ஓடணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பிராஜக்ட்! வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன்.

"நீ பாத்துக்க" என்ற இரண்டு வார்த்தைதான் என் நியமன ஆணை. ஆளுக்கு ஆள் அதை ஒரு மாதிரி புரிந்துகொண்டார்கள். புரொடக்ஷன் மேனேஜருக்கு இது பழைய லைனின் நெரிசலைக் குறைக்கும் வேலை. மார்க்கெட்டிங் மேனேஜருக்கு இது பெரிய சைஸ் பேனல் ஆர்டர் பிடிக்கும் வேலை. மெயின்டெனன்ஸ்காரருக்கு, ரொம்ப நாளாகத் தகராறு செய்யும் கம்ப்ரசரை இந்தக் கணக்கில் மாற்றிவிடும் வாய்ப்பு. அக்கவுண்ட்ஸுக்கு இது ஒரு குறிப்பிட்ட தொகை, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. நான்கு பேரும் நான்கு பிராஜக்டை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் தலையாட்டினார்கள். நான் ஐந்தாவதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்பு, அதாவது பவுடர் பூசிய பெட்டியைச் சுமார் 180, 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும் ஓவன், 2.1 மீட்டர் உயரப் பெட்டி நுழையும் அளவுக்கு வடிவமைத்திருந்தோம். தகடு வெட்டி, பாதி வேலை முடிந்த நிலையில் மார்க்கெட்டிங் மேனேஜர் வந்து பார்த்தார். "என்னப்பா இது, கஸ்டமருக்கு 2.4 மீட்டர்னு சொல்லியிருக்கேனே!" என்றார். எம்.டி.யிடம் ஓடினேன். அவர் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பெருசாப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஓவனைச் செய்துகொண்டிருந்தவர் ஒரு சிறிய ஃபேப்ரிகேட்டர். தொழிற்பேட்டையில் சொந்த ஷெட், ஒன்பது ஆட்கள். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணே, உயரத்தைக் கூட்டணும். எம்.டி.யே சொல்லிட்டார். பில்லைப் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். கவனியுங்கள், எனக்கு வந்த அதே "பாத்துக்க" வார்த்தையை நான் அவருக்குக் கொடுத்தேன். அவர் நம்பினார். வாய், கன்வேயர் பாதை, சப்போர்ட் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தார். கூடுதல் செலவு 6,80,000 ரூபாய். தகடும் சேனலும் வாங்க வீட்டு நகையை அடகு வைத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பில் அக்கவுண்ட்ஸுக்குப் போனது. "யார் சொன்னது? ஆர்டர் எங்கே? திருத்த ஆர்டர் எங்கே?" என்று திரும்பி வந்தது. எம்.டி. ஊரிலிருந்து வந்து, "பெருசா போடச் சொன்னேன், சரி. இவ்வளவு ஆகும்னு எனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சொல்லவில்லை. மார்க்கெட்டிங் மேனேஜர், தான் அளவை முன்பே ஒரு மீட்டிங்கில் சொன்னதாகச் சொன்னார். யாரிடமும் எழுத்தில் எதுவும் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. லைன் முழுக்க நிறுவிய பிறகுதான், கூடுதல் மின் பளுவுக்கு விண்ணப்பமே போடவில்லை என்று தெரிந்தது. அது மெயின்டெனன்ஸ் வேலை என்று நான் நினைத்தேன். பிராஜக்ட் வேலை என்று மெயின்டெனன்ஸ் நினைத்தது. பதினோரு வாரம் புது மெஷின் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு நின்றது. தீபாவளி போய், பொங்கலும் போய், சித்திரை பிறந்த பிறகுதான் லைன் ஓடியது.

மெஷின் ஓடிவிட்டது, கம்பெனி பிழைத்துக்கொண்டது. அந்த அண்ணன்தான் பிழைக்கவில்லை. பதினான்கு மாதம் நடந்தார். கடைசியில் நான்கு லட்சத்தில் பேசி முடித்தார்கள். ஒரு நாள் அவருடைய ஷெட்டுக்குப் போனேன். ஷியரிங் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. விற்றுவிட்டார். ஆட்கள் மூன்று பேர்தான் மிச்சம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "விடுங்க தம்பி. நீங்க பொய் சொல்லல. உங்களுக்கு பவர் இருக்குன்னு நான்தான் நினைச்சுட்டேன்" என்றார்.

அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.

சாசனம் என்றால் என்ன

அதன் பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய பிராஜக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், 1996ல் தன் வழிகாட்டி நூலை வெளியிட்டது. பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. அதில் சொல்லியிருப்பதன் சாரம் இது: ஒரு பிராஜக்ட் இருக்கிறது என்பதை முறைப்படி அங்கீகரிக்கும் ஆவணம் சார்ட்டர். பிராஜக்ட் மேனேஜர் கம்பெனியின் ஆளையும் பணத்தையும் பயன்படுத்தும் அதிகாரத்தை அதுதான் அவருக்குக் கொடுக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியவர் பிராஜக்டுக்கு வெளியே, மேலே இருப்பவர். அவரை ஸ்பான்சர் என்பார்கள்.

இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு அண்ணன் கொடுத்த டீதான் ஞாபகம் வந்தது.

இது என்னவோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். நிச்சயதார்த்தத்தில் லக்கினப் பத்திரிகை எழுதுகிறோம். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும், இன்ன தேதி, இன்ன முகூர்த்தத்தில், இன்ன இடத்தில் என்று எழுதி, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சத்தமாகப் படிக்கிறார்கள். ஏன் சத்தமாகப் படிக்கிறார்கள்? நாளைக்கு "எனக்குத் தெரியாதே" என்று எந்த மாமாவும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான். அதில் கத்திரிக்காய் எத்தனை கிலோ என்று எழுதுவதில்லை. அது பிறகு வரும் சமையல்காரர் லிஸ்ட். சாசனம் என்பது லக்கினப் பத்திரிகை. பிராஜக்ட் பிளான் என்பது சமையல்காரர் லிஸ்ட். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பதினான்கு பக்கத்துக்குச் சார்ட்டர் எழுதுவார்கள். அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒரு பக்கம், மிஞ்சிப் போனால் இரண்டு பக்கம். அதற்குள் பதில் இருக்க வேண்டிய கேள்விகள் இவை.

முதலாவது, ஏன்? இந்த வேலை நடக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்கு இரண்டு வரியில் பதில் வராவிட்டால் வேலையைத் தொடங்கவே கூடாது.

இரண்டாவது, முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன? "நல்ல பெயிண்ட் ஷாப்" என்பது அடையாளம் இல்லை. "2.4 மீட்டர் உயரப் பெட்டி, ஒரு ஷிப்டுக்கு இத்தனை, ஒரு மாதம் தொடர்ந்து" என்பதுதான் அடையாளம். அளக்க முடிய வேண்டும்.

மூன்றாவது, எது உள்ளே, எது வெளியே? இதில் 'வெளியே' என்ற பட்டியல்தான் அதிகம் பிரயோஜனம். கம்ப்ரசர் வெளியே, மின் பளு விண்ணப்பம் உள்ளே என்று இரண்டு வரி எழுதியிருந்தால் என் பதினோரு வாரம் மிச்சம்.

நான்காவது, பணமும் கெடுவும். ஆரம்பத்தில் துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்லக் கூடவும் கூடாது. ஆரம்பக் கட்ட உத்தேச மதிப்பு நிஜத்தில் 25 சதவீதம் குறையலாம், 75 சதவீதம் கூடலாம் என்று அந்த வழிகாட்டி நூலே ஒரு வரம்பு சொல்கிறது. ஆகவே ஒற்றை எண்ணை எழுதாமல் வரம்பை எழுதுங்கள். எந்தத் தேதியில் துல்லியமான எண்ணைத் தருவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஐந்தாவது, எதை நம்பி இறங்குகிறோம், எது கவிழ்க்கும்? எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கும் பயத்தை நான்கு வரியில் வெளியே கொண்டுவர வேண்டும்.

ஆறாவது, யார்? ஸ்பான்சர் யார், மேனேஜர் யார், யாரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது? மேனேஜர் தானாக எவ்வளவு தொகை வரை கையெழுத்துப் போடலாம்? இந்தக் கேள்வியைத்தான் நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். "பெரியவர் வேலையைக் கொடுத்திருக்கார், எவ்வளவு அதிகாரம்னு எப்படிக் கேக்கறது?" கேட்காததால்தான் மூன்றாவது ஆள் ஒருவர் நகையை அடகு வைக்கிறார்.

'ஏன்' குழம்பினால் என்ன ஆகும்

ஆஸ்திரேலியாவில் சிட்னி ஆபரா ஹவுஸை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைந்தது. 1959ல் வேலை தொடங்கியபோது உத்தேசச் செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1963 ஜனவரியில் திறப்பு என்றார்கள். நிஜத்தில் திறந்தது 1973ல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

கூரை வடிவம் கட்டக் கஷ்டமானது என்பது ஒரு காரணம். அரசியல் அவசரத்தில், வரைபடங்கள் முடிவாகும் முன்பே அஸ்திவார வேலையைத் தொடங்கியது இன்னொரு காரணம். நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பெரிய மண்டபம் இசை நாடகத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் சேர்த்துத்தான் திட்டமிடப்பட்டது. 1966ல் உட்சன் விலகிப்போன பிறகு, அதைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதற்குள் நாடக மேடைக்கான எந்திரங்கள் உள்ளே பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றி எடுத்தார்கள். இசை நாடகம் சின்ன மண்டபத்துக்குப் போனது. கட்டடம் உலகப் புகழ் பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் "இந்த மண்டபம் முதலில் எதற்கு?" என்ற ஒற்றைக் கேள்விக்கு எல்லோரும் கையெழுத்திட்ட பதில் இல்லாததன் விலை அது. என் ஓவனின் வாய் 2.1ஆ 2.4ஆ என்பதும் அதே கேள்விதான். சைஸ்தான் சின்னது.

எழுதுவது எப்படி, பயன்படுத்துவது எப்படி

2019ல் வேறு கம்பெனிக்கு மாறினேன். இருபத்திரண்டு மெஷின்களை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு, உற்பத்தி நிற்காமல் மாற்ற வேண்டும். ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான், "சார், இரண்டு நாள் டைம் குடுங்க. ஒரு பக்கம் எழுதிட்டு வரேன். நீங்க கையெழுத்துப் போடணும்" என்றேன். "எதுக்குய்யா பேப்பர்? நான்தான் இருக்கேனே?" என்றார். "சார், நீங்க இருக்கீங்க. நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு இந்தப் பேப்பர் இருக்கும்" என்றேன். ஒரு நிமிஷம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, எழுது" என்றார்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. முதலில் ஸ்பான்சரிடம் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து மேலே சொன்ன ஆறு கேள்விகளைக் கேட்பேன். அவருக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்றிரண்டு இருக்கும். அதை அவரே உணர்வது பெரிய லாபம். பிறகு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு துறைத் தலைவரையும் அவரவர் இடத்திலேயே போய்ப் பார்ப்பேன். "இந்த பிராஜக்ட் முடிஞ்சா உங்களுக்கு என்ன கிடைக்கணும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வேன். இரண்டு நாளில் வரைவு. அதன் பிறகு எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, லக்கினப் பத்திரிகை மாதிரி வரி வரியாகச் சத்தமாகப் படிப்பேன்.

அன்று சண்டை வரும். வரட்டும். இரும்பை வெட்டும் முன்பு வரும் சண்டைக்குச் செலவு ஒரு பேனா மைதான். அந்த மீட்டிங்கிலும் மெயின்டெனன்ஸ் தலைவர், பழைய கிரேனையும் இதோடு மாற்றிவிடலாம் என்றார். ஜி.எம். எல்லோர் முன்னாலும் "கிரேன் வெளியே" என்று எழுதச் சொன்னார். மெயின்டெனன்ஸ்காரருக்குக் கோபம்தான். ஆனால் அடுத்த வருஷ பட்ஜெட்டில் அவர் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்தச் சாசனத்தில் நான் அழுத்தி எழுதியது அதிகாரப் பத்தி. கூடுதல் வேலைக்கு 50,000 ரூபாய் வரை மேனேஜர் கையெழுத்து. இரண்டு லட்சம் வரை ஜி.எம்., மூன்று வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் நிதிக் குழு. கடைசி வரி இது: "எழுத்தில் வராத கூடுதல் வேலையை எந்தக் கான்ட்ராக்டரும் தொடங்க வேண்டாம்." இதன் நகலை ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் கொடுத்தேன்.

எழுதிப் பைலில் வைத்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. ஏ-3 சைஸில் அச்சடித்து ஷெட் சுவரில் ஒட்டினேன். டெல்லி மெட்ரோ வேலையின்போது ஸ்ரீதரன் அவர்கள், கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரங்களை வேலை நடக்கும் இடங்களில் வைத்தார். அதன் தத்துவம் இதுதான். கெடு மேனேஜர் மேஜையில் இருந்தால் அது மேனேஜருடைய கெடு. சுவரில் இருந்தால் எல்லோருடைய கெடு.

மாதம் ஒரு முறை ஆய்வுக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிஷம் சாசனத்தைப் படிப்போம். "இன்னும் இதுதானா நம் வேலை?" மாறியிருந்தால், மாற்றத்தை எழுதி, பணத்தையும் நாளையும் திருத்தி, ஸ்பான்சர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் மாறக் கூடாது. கடைசியில் வேலை முடிந்ததும் இரண்டாவது கேள்விக்கு எழுதிய அடையாளத்தை எடுத்து அளந்து பார்த்து, முடிந்தது என்று கையெழுத்து வாங்கி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிராஜக்ட் சாகாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

ஆறாவது மாதத்தில், நான் சொன்ன மாதிரியே ஜி.எம். வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பாதி மெஷின் இங்கே, பாதி மெஷின் அங்கே. புது ஜி.எம். வந்த முதல் வாரம் அந்த ஒரு பக்கத்தைப் படித்தார். நான்கு கேள்வி கேட்டார். ஒரு தேதியைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். வேலை ஒரு நாள் கூட நிற்கவில்லை.

அந்த வேலைக்கு ஃபேப்ரிகேஷன் கான்ட்ராக்ட் கொடுக்கப் பழைய அண்ணனைத் தேடிப் போனேன். கொட்டேஷன் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுத்துல குடுப்பீங்கல்ல தம்பி?" சாசனத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நடுவில் இரண்டு முறை கூடுதல் வேலை வந்தது. இரண்டு முறையும் என் கையெழுத்து வந்த பிறகுதான் அவர் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். பில் முழுதும் வந்தது. பழைய கம்பெனியில் போன 2,80,000 போனதுதான். அது திரும்பவில்லை.

நம் ஹாஸ்டல் தண்ணீர்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் பூட்டிக் கிடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். அதன் மேல் ஈரத் துண்டு காய்கிறது. முன்னால் சைக்கிள் நிற்கிறது. கல்லூரியையோ ஹாஸ்டலையோ குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதைக் கொடுத்தது எங்கள் பேட்ச். கமிட்டியில் நானும் இருந்தேன். நாலரை லட்சம் வசூல் செய்தோம், ரிப்பன் வெட்டினோம், போட்டோ இதே மலரில் வந்தது. இரண்டு வருஷம் ஓடியது. சவ்வு அடைத்துக்கொண்டது. மாற்றுவது யார் பொறுப்பு, எந்தப் பணத்தில் என்று நாங்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. "ஹாஸ்டல் பாத்துக்கும்" என்றோம். மறுபடியும் அதே வார்த்தை!

இன்று சங்கம் அதை மறுபடி ஓட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறது. எல்லோரும் கைதட்டுவோம். கைதட்டும் முன்பு ஒரு சாசனம் எழுதுவோமே என்று ஒரு வரைவு கொண்டுவந்திருக்கிறேன். படிக்கிறேன்.

ஏன்: ஹாஸ்டலின் போர் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்குச் சுமார் 1,900 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. பிள்ளைகள் கைக்காசைப் போட்டு கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.

முடிந்தது என்பதற்கு அடையாளம்: 400 பேருக்குத் தலைக்கு 5 லிட்டர் வீதம் தினம் 2,000 லிட்டர். உப்பு 500க்குக் கீழே. 90 நாள் தொடர்ச்சியாக, பதிவேட்டில் எழுதியபடி.

உள்ளே: எந்திரத்தைப் பழுது பார்த்தல், புதுச் சவ்வு, இரண்டு தொட்டி, கழிவு நீரைக் கழிவறைக்குக் கொண்டுபோகும் குழாய். வெளியே: மெஸ் சமையல் தண்ணீர், ஸ்டாப் குவார்ட்டர்ஸ், புதுக் கட்டடம்.

பணம்: உத்தேசம் 4 லட்சம். 3 லட்சத்திலும் முடியலாம், 7 லட்சமும் ஆகலாம். மூன்று கொட்டேஷன் வந்த பிறகு துல்லியமான எண். கெடு: கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாள்.

எது கவிழ்க்கும்: சித்திரை, வைகாசியில் போர் வற்றுவது. வால்வைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் லீவில் போவது.

யார்: ஸ்பான்சர், சங்கத் தலைவர். மேனேஜர், சங்கம் நியமிக்கும் ஒருவர், 25,000 ரூபாய் வரை தானே முடிவெடுக்கலாம். கேட்காமல் செய்யக் கூடாதவர், ஹாஸ்டல் வார்டன். மாணவர் பிரதிநிதி ஒருவரும் கமிட்டியில் இருப்பார். தண்ணீர் குடிக்கப்போவது அவர்கள்தானே.

பிறகு: ஃபில்டர், சவ்வு, ஆள் கூலிக்கு வருஷம் 60,000 ரூபாய். இதற்காக 10 லட்சம் ரூபாய் தனியாக வங்கியில் வைப்பு நிதி. வட்டி மட்டும் எடுக்கலாம், முதலைத் தொடக் கூடாது. ஆறு சதவீத வட்டியில் கணக்கு போட்டிருக்கிறேன். வட்டி குறைந்தால் குறைவைச் சங்கம் தரும்.

கடைசிப் பத்தியைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்குவது மேடையிலிருந்து தெரிகிறது. நாலு லட்சத்து எந்திரத்துக்குப் பத்து லட்சம் டெபாசிட்டா என்று. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் சுவரில் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் வருஷம் முன்பு ராஜராஜன் காலத்தில், விளக்கு எரிக்க நிவந்தம் கொடுத்தால் வெறும் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகள் எந்த இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன, அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பது வரை கல்லில் வெட்டினார்கள். அந்த ஆடுகளுக்குச் சோழர் காலத்தில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. சாசனம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இதுதான் பொருள். எங்கள் பேட்ச் விளக்கைக் கொடுத்தது, ஆட்டைக் கொடுக்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வரைவின் நகல்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்துங்கள், சண்டை போடுங்கள். மூன்று மணிக்குப் பொதுக்குழுவில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, தலைவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். மேனேஜர் யார் என்ற இடம் காலியாக இருக்கிறது. யாரும் வராவிட்டால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். போன தடவை பாதியில் விட்ட வேலை, முடித்துக் கொடுக்கும் கடமை எனக்கு இருக்கிறது. "நீ பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள்.